ராசுவின் ‘ஆமாங்க’

என் தம்பி ராசுவைச் சிறையில் குணப்படுத்திவிட்டார்களாம். உள்ளே போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ராசுவுக்கு வயது முப்பது. புத்தி மட்டும் சின்னப் பிள்ளை வயதோடு நின்றுவிட்டது. கல்வராயன் மலையில் ஊறல் போட்டுக் கள்ளச்சாராயம் காய்ச்சும் ஆதிமூலம், அவனுக்குக் கூலிக்குப் பதில் சாராயத்தையே ஊற்றிப் பழக்கினான். போலீசுக்குக் கேஸ் வேண்டுமென்றால் ஊறல்காரன் ஓர் ஆளைக் காட்டிக்கொடுப்பது எங்கள் பக்கம் நடக்கிற ஏற்பாடு. இந்த முறை ராசு. “நீதான் காய்ச்சினியா?” என்றார்கள். “ஆமாங்க” என்றான்.

காக்கிச்சட்டை எதைக் கேட்டாலும் “ஆமாங்க” சொல்லு, அடி விழாது என்று சொல்லித்தான் எங்கள் ஊரில் பிள்ளைகளை வளர்ப்பார்கள். வளர்ந்ததும் நாங்கள் அதை விட்டுவிட்டோம். ராசு விடவில்லை.

இன்று அவனுக்கு ஜாமீன். எடுத்தவன் அதே ஆதிமூலம். சிறை வாசலில் ஜீப்போடு நின்றான். அவனோடு போனால் சாயங்காலமே சாராயம். அடுத்த கேஸுக்கும் ஆள் தயார். ராசுவை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லி, சிறைக்குள் குடியை விட வகுப்பெடுக்கும் ஆலோசகரிடம் ஓடினேன். ராசு அவர் அறையில்தான் உட்கார்ந்திருந்தான்.

“தேவையில்லம்மா. மாத்திரை எல்லாம் ஒழுங்கா சாப்பிட்டான். வகுப்பும் புரிஞ்சிதாம். குடியை விட்டுட்டான்.”

“யாரு சொன்னது?”

“அவனேதான்.”

“அவன் இன்னா கேட்டாலும் ஆமாங்கம்பான் சார்! மாத்திரைய எவன் புடுங்கித் துன்னானோ! நீங்களே கேட்டுப் பாருங்க!”

அவர் எரிச்சலோடு திரும்பினார். “ராசு, ஆஸ்பத்திரிக்குப் போறியா?”

“ஆமாங்க.”

“ஆதிமூலத்தோட போறியா?”

“ஆமாங்க.” இரண்டுக்கும் அதே சிரிப்பு.

படித்த மனுசன், இந்த இரண்டு கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கலாமே! ராசுவின் கையை இழுத்து அவர் மேசைமேல் வைத்தேன். அது நடுங்கிய நடுக்கத்தில் அங்கிருந்த டம்ளர் தண்ணீர் தளும்பியது.

“வாயக் கேக்காதீங்க. கையப் பாருங்க சார். சாராயம் இல்லாம இந்த ஆட்டம் ஆடுது, இதுதான் குணமா?”

அவர் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

வெளியே ஆதிமூலம் ஹாரன் அடித்தான். ராசு, “ஆமாங்க” என்று எழுந்தான்.

நான் அவன் கையை விடவில்லை. டாக்டர் வருகிறார் என்று ஆலோசகர் சொன்ன பிறகும் விடவில்லை.