மூடிக்குக் கீழே

ஓட்டப் பயிற்சி மைதானத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி, அதிலிருந்தே புல்லுக்கும் குளியலறைக்கும் தண்ணீர். பொறியாளரான அவள் மண்டையை உடைத்துக்கொண்டு போட்ட திட்டம் அது. அவள் பிரசவ விடுப்பில் இருந்தபோது கட்டி முடித்திருந்தார்கள். பசுமைக் கட்டட விருது வாங்கும் நாளில் ஆசையாகத் தொட்டி மூடியைத் தூக்கினாள். உள்ளே வெறும் மண். தொட்டியே கட்டவில்லை.

ஒப்பந்தக்காரர் அவளுடைய சொந்த அண்ணன்.

"என்னண்ணே இது?"

"மூடி இருக்குல்ல? எவன் திறந்து பார்க்கப்போறான்? பேசாம மேடைக்குப் போ."

மேடையேறியவள் மைக்கில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். கவனக்குறைவு என்று அவளைத்தான் வேலையைவிட்டு நீக்கினார்கள். "கூடப்பிறந்தவனையே காட்டிக்கொடுத்துட்டியேடி" என்ற அம்மா அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

மைதானத்துக்கு இப்போது தினமும் லாரியில் தண்ணீர் வருகிறது. லாரி அண்ணனுடையது.