ஏறுகிற பக்கம்

படிக்கட்டுக் கைப்பிடியைத் தப்பான பக்கத்தில் வைத்துவிட்டார் வெல்டர். முப்பது வருஷமாகப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் இரும்புக் கேட்டும் கிராதியும் செய்து கொடுத்த மனுஷன், கட்டின பெண்டாட்டிக்குச் செய்த ஒரே வேலையில் கோட்டை விட்டார் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும்.

அவர் தெருக்காரர்கள் மூன்று மாதமாக ஞாயிறு தவறாமல் கூடினார்கள். குழியை மூடினார்கள், சாக்கடைக்கு மூடி போட்டார்கள், பல்லிளித்துக் கிடந்த சுவர்களைப் பூசி வர்ணம் அடித்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவர் டீச்சரம்மா. வெல்டரின் மனைவிக்கோ இதெல்லாம் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து காதால் கேட்ட சேதிதான். பக்கவாதம் வந்து வலது கை விழுந்து, வலது கால் பாதி விழுந்து இரண்டு வருஷம். வீட்டு ஜன்னலும் பின்பக்கம். தெருவை அவள் கண்ணால் பார்க்கவே இல்லை, பாவம்.

"கொஞ்சம் இரும்புப் பைப் மிச்சம் இருக்கு. என்ன செய்யலாம்?" என்று ஒரு கூட்டத்தில் டீச்சரம்மா கேட்டார். வெல்டருக்குச் சொல்ல ஆசை. பொதுச் சாமானைச் சொந்தக் காரியத்துக்குக் கேட்டான் என்று நாலு பேர் பேசிவிட்டால்? தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கீழ்வீட்டு டெய்லருக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, வாயைத் தெறந்தா முத்து உதிர்ந்துடுமா? அக்கா எறங்கி வர, படிக்குக் கைப்பிடி போடணும். இதுக்கு எதுக்கு யோசனை?"

அத்தனை கையும் உயர்ந்தது. வெல்டர் மூக்கைச் சிந்துகிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

பட்டறை முடிந்து வந்து, ஒரு வாரம் சாயங்காலம் சாயங்காலமாக வேலை பார்த்தார். கையை அறுக்கக் கூடாதென்று ஒவ்வொரு இணைப்பையும் அரத்தால் ராவி ராவி வழவழப்பாக்கினார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலை. கீழே எல்லோரும் காத்திருக்கிறார்கள். தலை சீவி, நல்ல துணி உடுத்தி, அவள் மேல்படியில் வந்து நின்றாள். கைப்பிடி வலப்பக்கம் இருந்தது. உயிருள்ள இடது கையைத் தூக்கினாள், பிடிக்க ஒன்றுமில்லை, சும்மா தொங்கவிட்டாள்.

வெல்டருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவர் மனசில் படி என்றால் ஏறுவதுதான். அளந்ததும் ஏறிக்கொண்டே, பிடித்துப் பார்த்ததும் ஏறிக்கொண்டே. ஏறினால் அது இடப்பக்கம், அவள் நல்ல கைக்கு. இறங்கினால்? அந்த நினைப்பே வரவில்லை மனுஷனுக்கு.

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்," என்றார். "அறுத்து அந்தப் பக்கம் மாத்திடறேன்மா. ரெண்டே வாரம்."

"ரெண்டு வருஷம் பத்தலையா?"

"எப்படி எறங்குவே?"

அவள் கைப்பிடியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுவரில் தோளைச் சாய்த்து மெல்லத் திரும்பி, தெருவுக்கு முதுகு காட்டி நின்றாள். இப்போது இடது கைக்குக் கைப்பிடி வாகாகக் கிடைத்தது.

"நீங்க கீழ நில்லுங்க. நான் பின்பக்கமாவே எறங்கி வரேன்."

"விழுந்துட்டா?"

"உங்க மேலதானே விழுவேன்? தாங்க மாட்டீங்களா?"

வலது கால் ஒரு படி, இடது கால் ஒரு படி. அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அவளைத் தொடாமல், அவளுக்குக் கீழே ஒவ்வொரு படியாகப் பின்வாங்கினார். இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க நின்றாள். கைப்பிடியைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க," என்றாள். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

கடைசிப் படி. வாசல். டெய்லர் தையலைப் போட்டுவிட்டு வந்து நிற்கிறார், டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். இரண்டு வருஷத்துத் தெரு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கைப்பிடியை விட்டு, சுவரைப் பிடித்து, மெல்லத் திரும்பினாள்.

எதிரே, கையை விரித்தபடியே, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பிக்கொண்டு வாசலை அடைத்து நின்றார் அவள் புருஷன்.

"கொஞ்சம் தள்ளுங்க," என்றாள் அவள். "தெரு தெரியல."