நுனியைப் பிடிக்க ஓர் ஆள்

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட மடங்கக் கூடாது. தூங்கும்போதும், குளிக்கும்போதும், கனவுலகூட. அம்பத்தாறு நாள். அம்பத்தஞ்சாவது நாள் மடங்கிச்சுன்னா மறுபடியும் ஒண்ணுலேருந்து எண்ணணும்."

"ரத்தமே வரலியே, டிரஸர் ஐயா."

"ரத்தம் வந்திருந்தா தச்சு அனுப்பியிருப்பேன். இது உள்ள நரம்பு அறுந்திருக்கு. அதுவா ஒட்டுற வரைக்கும் காத்திருக்கணும்லா."

திலகம் தன் வலக்கை ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். நுனிக் கணு மட்டும் கீழே தொங்கியது, யாருக்கோ தலை குனிந்து நிற்பதுபோல. முந்தின நாள் தலையணை உறைக்குள் இலவம் பஞ்சைக் குத்தி அடைத்தபோது விரல் தையலில் முட்டியது. சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. வலிகூட அதிகமில்லை.

கலும்பாங் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தின் மருத்துவமனைக்குச் சிவானந்தம் மருத்துவ உதவியாளராக, தோட்டத்துப் பேச்சில் டிரஸராக, வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் தோல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, விரல் நுனியை நிமிர்த்தி அதற்குள் செருகினார்.

"தினமும் இதக் கழட்டி விரலக் கழுவித் தொடைக்கணும். இல்லேன்னா தோல் ஊறி அழுகிடும். கழட்டுற நேரம் இன்னொரு ஆள் நுனிய நிமித்திப் பிடிச்சுக்கணும். ஒத்தக் கையால செய்யாத, வழுக்கும். வீட்டுல யாரு இருக்கா?"

"வீட்டுக்காரரு செம்பனை எண்ணெ மில்லுல இருக்காரு. சனிக்கிழமதான் வருவாரு."

டிரஸர் வரிசையைப் பார்த்தார். இருமும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கங்கா நின்றாள்.

"நீ பக்கத்து வீடுதானே? வா, காட்டித் தர்றேன்."

வரிசையில் பேச்சு நின்றது. கங்கா, திலகத்தின் கொழுந்தன் சேதுவின் மனைவி. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரே சுவருக்கு இரு பக்கமும் குடியிருந்த அந்த இரண்டு ஓரகத்திகளும் பேசி இரண்டு வருடமாகியிருந்தது. இரு வீட்டுக்கும் பொதுவாக ஏரியல் கட்டி நின்ற மூங்கிலைச் சேது தன் பக்கம் நகர்த்தியதில் திலகத்தின் தொலைக்காட்சியில் புள்ளி விழுந்தது. அன்று இருவரும் சொன்னவற்றில் மூங்கிலைப் பற்றியது கொஞ்சம்தான். தோட்டம் முழுக்கத் தெரிந்த இந்த விஷயம் டிரஸருக்குத் தெரியாது. அவரிடம் சொல்ல யாரும் முன்வரவுமில்லை. கங்கா பிள்ளையை இறக்கிவிட்டு வந்து, அவர் காட்டியபடி, இரண்டு விரலால் அந்த நுனியைப் பிடித்தாள்.

ரப்பர் மரத்தில் பால்வெட்டும் திலகத்துக்கு, கத்தியின் தண்டின்மேல் நீளமாகப் படுத்து, பட்டைக்குள் எவ்வளவு ஆழம் போகலாம் என்று கைக்குச் சொல்வது அந்த விரல்தான். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் உமாபதி மறைக்காமல் சொன்னார்.

"வெரல் நேரா வந்தா உன் நிரை உனக்கு. வளஞ்சு வந்தா மரத்தத்தான் காயப்படுத்துவ. அப்புறம் செம்பனைக் காட்டுல உதிரிப் பழம் பொறுக்க வேண்டியதுதான், தங்கச்சி."

பதினோரு வருடம் அவள் பால் வெட்டிய மர வரிசை அந்த நிரை. எந்த மரம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவாள். இப்போது வேறு யாரோ வெட்டினார்கள். அவளுக்கு நாற்றுப் பைகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை கொடுத்தார்கள்.

தினமும் இரண்டு மணிக்குக் கங்கா பின்கதவு வழியாக வந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு முக்காலி. திலகம் அதன்மேல் கையை வைப்பாள். கங்கா நுனியைப் பிடித்துக்கொண்டு சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பாள். திலகம் இடக்கையால் உறையைக் கழற்றிக் கழுவுவாள், விரலைத் துடைப்பாள், பவுடர் போடுவாள், மறுபடி மாட்டி பிளாஸ்திரி ஒட்டுவாள். ஐந்து நிமிடம். கங்கா எழுந்து போய்விடுவாள்.

மற்ற நேரமெல்லாம் அந்த விரல் நீட்டிக்கொண்டே இருந்தது. சோற்றைப் பிசைய முடியவில்லை, கரண்டியால் சாப்பிட்டாள். கொண்டை தளர்ந்து சரிந்தது. தண்ணீர்க் குழாயடியில் இராஜம்மா, "என்னடி, எல்லாரையும் காட்டிக் குடுத்துக்கிட்டுத் திரியிற?" என்றாள். சனிக்கிழமை வந்த கணவன் ராஜு, தான் பிடிப்பதாகச் சொல்லி, ஸ்பேனரைப் பிடிப்பதுபோலப் பிடித்தான். நுனி நீலமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கங்காதான் வந்தாள்.

மூன்றாவது வாரத்தில் பேச்சு தொடங்கியது. ஆனால் ஒருவரோடொருவர் அல்ல. சமையல்கட்டில் சுற்றிக்கொண்டிருந்த செவலைக் கோழியோடு.

"ஏ கோழி, சில பேரு பவுடர திருநீறு மாதிரி பூசுறாங்க. கொஞ்சம் போதும்னு சொல்லு."

"ஏ கோழி, சில பேரு காலண்டரப் பாத்துக்கிட்டே வெரலப் பிடிக்கிறாங்க. அதுல என்ன சினிமாவா ஓடுதுன்னு கேளு."

"சினிமா எங்க வீட்டுல ஓடுது, கோழி. தெளிவா ஓடுது."

கோழி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தரையைக் கொத்தும். அதன் வழியாகத்தான் சேதுவுக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்திருப்பதும், மாதக் கடைசியில் அவர்கள் வீடு மாறப்போவதும் திலகத்துக்குத் தெரிந்தது. அன்று அவள் பிளாஸ்திரியைக் கோணலாக ஒட்டி, உரித்து, மறுபடி ஒட்டினாள்.

நாற்பத்து நான்காவது நாள் மழை பெய்தது. உறை கழன்றிருந்தது, நுனி கங்காவின் விரல்களுக்கு நடுவே இருந்தது.

"ஏ கோழி," என்றாள் திலகம், "அந்த மூங்கிலயும் ரவாங்குக்குத் தூக்கிக்கிட்டுப் போறாங்களான்னு கேட்டுச் சொல்லு."

"மூங்கிலு இங்கயே கெடக்கட்டும், கோழி. சில பேரு அதக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கட்டும்."

கோழிக்கு என்ன தோன்றியதோ, படபடவென்று முக்காலிமேல் ஏறியது. நீதிபதி மாதிரி நடுவில் நின்று திலகத்தைப் பார்த்தது, கங்காவைப் பார்த்தது, பிறகு பவுடர் டின்னின்மேல் எச்சமிட்டது.

திலகம் முதலில் சிரித்தாள். கங்கா சிரிக்கும்போது எப்போதும் கையால் வாயை மூடுவாள். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். இப்போதும் மூடினாள். நுனியைப் பிடித்திருந்த கையால்.

விரல் மெதுவாகத் தலை குனிந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். திலகம் நுனியை நிமிர்த்தி, ஈரத்தோடு உறையை மாட்டினாள்.

"அக்கா," என்றாள் கங்கா. இரண்டு வருடத்தில் அவள் நேராகப் பேசிய முதல் சொல். "நாம சொல்லலேன்னா டிரஸருக்கு எப்படித் தெரியும்?"

திலகம் உறையின்மேல் பிளாஸ்திரியை இறுக்கி ஒட்டினாள். மறுநாளும் கங்கா இரண்டு மணிக்கு வந்தாள். கோழி வந்தது. யாரும் அதனோடு பேசவில்லை.

ஐம்பத்தாறாவது நாள் டிரஸர் உறையைக் கழற்றி விரலை மேசைமேல் வைத்தார். நேராக இருந்தது.

"ஒரு தடவகூட மடங்கலியே?" என்று கேட்டுக்கொண்டே அட்டையில் எழுதப் பேனாவைத் திறந்தார்.

நேராக இருக்கும் விரலைத் திலகம் பார்த்தாள். அதன் கீழே கத்தியின் தண்டை வைத்து நினைத்துப் பார்த்தாள்.

"ஒரு தடவ."

"எப்ப?"

"நாப்பத்து நாலாம் நாளு."

டிரஸர் பேனாவை மூடினார். திட்டவில்லை. "அப்ப இன்னிக்குப் பன்னண்டாவது நாளுதான். இன்னும் நாப்பத்து நாலு. மண்டோர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். பிடிக்கிற ஆள மட்டும் மாத்தாத, அந்தக் கைக்குப் பழகிடுச்சு," என்று உறையைத் திரும்ப மாட்டினார்.

அவள் வீட்டுக்குப் போகாமல் கங்காவின் முன்வாசலில் ஏறினாள். உள்ளே அட்டைப் பெட்டிகள் கயிறு கட்டி அடுக்கியிருந்தன. ஏரியலைக் கழற்றிய மூங்கில் வாசலோரம் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை லோரி வருகிறது.

கங்கா பிள்ளையின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்ததும் முகத்தைப் பார்க்கவில்லை. உறை போட்ட விரலைத்தான் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"எத்தன நாளு?"

"நாப்பத்து நாலு."

கங்கா இன்னொரு சட்டையை எடுத்தாள். கையை உள்ளே மடித்து, காலரை நீவி, பெட்டிக்குள் வைத்தாள். திலகம் அனிச்சையாகக் காலடியில் பார்த்தாள். கோழி அவளோடு வரவில்லை. அது சுவருக்கு அந்தப் பக்கம், அவள் வீட்டு வாசலில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"கங்கா," என்றாள் திலகம். "சேது மொதல்ல போகட்டும். அந்த நாப்பத்து நாலு நாளும் நீ இருந்து பிடிச்சிட்டுப் போறியா?"