இறங்கிய நேரம்

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18ஆம் திகதி, சனிக்கிழமை. ஒஸ்லோவில் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேல் ஒரு பாகை. காலை முதல் ஈரப்பனி பெய்துகொண்டிருந்தது. தரையைத் தொட்டதும் அது நீராகியது.

நான் விமான நிலையத்திலிருந்து நேரே, நகரின் ஓரத்திலுள்ள ஸ்டோவ்னருக்குச் சென்றேன். முதுகில் பையும், கையில் ஓர் அட்டைப்பெட்டியும் இருந்தன. என் அக்கா மேரினின் வீடு ஐந்தாம் மாடியில் இருந்தது. கதவைத் திறந்தவர் எம்மா. அக்காவைப் பராமரிப்பதற்காக நாள்தோறும் வரும் தாதி.

"லூக்காஸ், நீங்கள் நல்ல நேரத்தில் வந்தீர்கள்" என்று அவர் நோர்வே மொழியில் தாழ்ந்த குரலில் கூறினார். "இனி நாளைதான், அல்லது நாளை மறுநாள். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தம்பியிடம்தான் கேட்பேன் என்று சொல்லியிருக்கிறார்."

நான் சப்பாத்துகளைக் கழற்றினேன். கயிற்றின் முடிச்சு அன்று இலகுவில் அவிழவில்லை.

நான் பயணம் போயிருந்த மூன்று வாரங்களில் அக்கா போர்வைக்குள் ஒரு சிறுமியின் அளவுக்குச் சுருங்கியிருந்தார். குரல் மட்டும் சுருங்கவில்லை.

"வந்திட்டியா? என்னடா இப்பிடிக் கறுத்துப் போனாய்? காசு குடுத்து வெயில் வாங்கினனியோ?"

"வெயில் சும்மா கிடைச்சது அக்கா. உன்ரை கொப்பியிலை அதுக்கு ஒரு சதமும் எழுதேல்லை."

அந்தக் கொப்பியைப் பற்றி இங்கே கூறுதல் வேண்டும். தேவாலயப் பாடகர் குழுவில் அக்காவுடன் பாடிய பிலிப்பைன்ஸ் பெண் ஒருவர், தம் ஊராகிய கமிகின் தீவைப் பற்றி அடிக்கடி சொல்வார். சிறிய தீவு, அதன் நடுவே ஹிபோக்-ஹிபோக் என்னும் எரிமலை. அக்கா மூன்று ஆண்டுகளாக எங்கள் இருவருக்குமான பயணத்தைத் திட்டமிட்டார். எந்தப் படகில் மரவாங்கு இருக்கை மலிவு, எங்கே மின்விசிறி மட்டும் உள்ள அறை கிடைக்கும் என்பவற்றையெல்லாம் கொப்பியில் எழுதினார். "சாரதிமார் சாப்பிடுற கடையிலைதான் சாப்பிட வேணும்" என்பது முதற் பக்கத்தில் இருந்த கட்டளை. ஓகஸ்ட் மாதத்தில், இனிப் பலனில்லை என்று வைத்தியர்கள் அக்காவின் நோய்க்கான மருந்தை நிறுத்தினார்கள். அன்று மாலை அக்கா கொப்பியை என்னிடம் நீட்டினார்.

"நீ போ. போய் வந்து சொல்லு. மலைக்கு மேலை புத்தகத்திலை என்ரை பேரையும் எழுது."

நோர்வேயில் மலையுச்சிகளில் ஒரு தகரப்பெட்டியும், அதனுள் ஒரு புத்தகமும் இருப்பது வழக்கம். ஏறியவர்கள் அதில் பெயரெழுதிவிட்டு இறங்குவார்கள். அப்பா மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்த பாட்ஸ்பியோர்ட்டில், பள்ளிக்கூடத்தோடு நாங்கள் ஏறிய குன்றுகளில் எல்லாம் பெயரெழுதியிருக்கிறோம். உலகில் புத்தகம் இல்லாத மலையும் உண்டு என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை.

ஒன்பதாம் நாள் தீவிலிருந்து தொலைபேசியில், "ஏறிட்டன் அக்கா. புத்தகத்திலை எழுதிட்டன்" என்றேன். அது பொய். நான் உச்சியை அடையவில்லை; அங்கே புத்தகமும் இல்லை.

நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தவர்கள். அக்கா ஒஸ்லோவில் படித்த காலத்தில் அப்பா திடீரென இறந்தார். "அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை, வா" என்றுதான் அவருக்குச் செய்தி போயிற்று. எங்கள் ஆட்களின் வழக்கம் அது. வழியில் பிள்ளை அழக்கூடாது என்று மறைத்தார்கள். அக்கா அப்பாவுக்குக் கம்பளிக் கையுறை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். வாசலில் நின்ற கூட்டத்தைக் கண்ட பின்பும் அந்தப் பொதியை அவர் கீழே வைக்கவில்லை. அன்றிரவு பதின்மூன்று வயதான என் கையைப் பிடித்து, "நீ எண்டாலும் என்னட்டை ஒண்டையும் மறைக்காதை" என்றார்.

"சரி, முதல் நாளிலை இருந்து சொல்லு" என்று அக்கா கண்களை மூடிக்கொண்டார்.

நான் கூறினேன். ஜீப் வண்டியில் கோழிக்கூடுகளுக்கு நடுவே சென்றதையும், கடலில் மூழ்கிய இடுகாட்டின் மேல் ஒரு பெரிய சிலுவை நிற்பதையும், சாரதிகளோடு அமர்ந்து, காடியில் ஊறிய பச்சை மீனாகிய கினிலாவை உண்டதையும் கூறினேன்.

"பச்சை மீனோ? அப்பா கண்டிருந்தால் அடிச்சிருப்பார்."

"இஞ்சியும் மிளகாயும் போடுறாங்கள் அக்கா. தேங்காய்ப்பாலிலை கோழியும் சமைக்கிறாங்கள். சுரோல் எண்டு பேர். கிட்டத்தட்ட எங்கடை சொதி மாதிரி."

"கிட்டத்தட்டவோ? உனக்கு நாக்கிலை மரத்தூள்." அவர் சிரித்தார். பின்பு கண்களைத் திறந்தார். "புத்தகம் என்ன நிறம்?"

நான் சன்னலைப் பார்த்தேன்.

"லூக்காஸ், அந்தப் புத்தகம் என்ன நிறம்?"

"நீலம்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மாமிமார் ரெலிபோனிலை, மாதா கைவிடமாட்டா, தைக்குச் சுகமாகி எழும்பிடுவாய் எண்டினம். நான் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டு கிடக்கிறன். நீயும் அந்தப் பக்கம் போட்டியோ?"

அப்பொழுது உண்மையைக் கூறினேன். பாதி வழிக்கு மேல் மழை இறங்கியது. பாசி படிந்த கற்களில் இருமுறை விழுந்து முழங்காலில் அடிபட்டது. வழிகாட்டியாகிய யூலியன் அதைச் சுட்டிக்காட்டி, வேண்டாமென்று தலையசைத்தார். அதற்கு மேல் ஓரடியும் அவர் வைக்கவில்லை. உச்சியில் புத்தகம் எதுவும் இல்லை என்றும் அவர்தான் சொன்னார்.

"அப்ப என்ரை பேர்?"

"கீழை எழுதினனான். ஏறமுன்னம் அடிவாரத்திலை ஒரு பதிவேடு. பேர், நாடு, ஏறிய நேரம், இறங்கிய நேரம். அதிலை என்ரை பேருக்குக் கீழை உன்ரை பேரையும் எழுதினனான். பதிவேட்டோடை இருந்த பொம்பிளை நிமிர்ந்து பார்க்கேல்லை."

"பிறகு?"

"திரும்பி வந்தால் அவ பதிவேட்டைப் பார்த்து, ரெண்டு பேர் ஏறினவை, மற்ற ஆள் எங்கை எண்டு யூலியனைப் பிடிச்சுக்கொண்டா. நான் சொன்னன், அக்கா ஒஸ்லோவிலை, வருத்தமாக் கிடக்கிறா எண்டு. முதல் ஏசினா. பிறகு என்ரை முகத்தைப் பார்த்திட்டு ஏச்சை நிப்பாட்டினா. இறங்கிய நேரத்துக்கான கட்டத்தை வெறுமையாய் விடேலாதாம். விட்டால் ஆக்கள் கயிறும் விளக்கும் கொண்டு மலைக்குத் தேடிப் போகவேணுமாம். அதாலை ரெண்டு பேருக்கும் ஒரே நேரம் எழுதினனான். மூண்டு பத்து."

அக்கா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாயிற்று. எம்மா ஓடி வந்து அவரை நிமிர்த்திப் பிடித்தார். இருமல் அடங்கியதும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா என்னை இறக்கினனீ? அங்கையே விட்டிருக்கலாமே. நாலு பேர் தேடி வந்திருப்பாங்கள்."

எம்மா தலையணையைச் சீர்செய்துவிட்டுச் சமையலறைக்குச் சென்றார். அக்கா அவர் போகும் வரை காத்திருந்தார்.

"எம்மா வாசலிலை உன்னட்டை என்ன சொன்னவ?"

மாமிமார் சொன்ன சொற்கள் அனைத்தும் என் நாவில் வந்து நின்றன. சற்றுமுன் சொல்லவிருந்த நீல நிறமும் வந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் வாசலில் நின்றபோது அவருக்கு இருந்த அதே கண்கள்.

"நாளைக்கு, அக்கா. இல்லாட்டி நாளையிண்டைக்கு."

மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கும் ஒலி கேட்டது. அவருடைய கை போர்வையின் மேல் ஊர்ந்து வந்து என் கையை அடைந்தது.

"சரி. அந்தப் பெட்டியிலை என்ன?"

"பஸ்டெல். உள்ளுக்கை இனிப்பு வைச்ச பணிஸ். அந்தத் தீவிலை பேர்போனது. கொப்பியிலை நீதான் எழுதினனீ, கடைசி நாள் வாங்க வேணும் எண்டு."

"அப்ப தாவன்."

ஒரு துணுக்கை விரல் நுனியில் எடுத்து அவருடைய உதட்டில் வைத்தேன். அவரால் விழுங்க இயலவில்லை. நாவினால் தொட்டுச் சுவைத்தார்.

"இனிப்புக் கூடிப்போச்சு" என்றார். "எம்மாவுக்கும் ஒண்டு குடு. பாவம், காலமை தொடக்கம் நிக்கிறா."

அதன் பின்பு அவர் உறங்கினார். நான் அவ்வறையிலேயே நாற்காலியில் இருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பனி நின்றிருந்தது. அக்கா கண்விழிக்கவில்லை. மூச்சுகளுக்கிடையே இருந்த இடைவெளி நீண்டுகொண்டே சென்றது. பின்பு, அடுத்த மூச்சுக்காக நானும் எம்மாவும் காத்திருந்தோம், அது வரவில்லை.

எம்மா எழுந்து சன்னலைச் சிறிது திறந்துவிட்டார். குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. அவர் தம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்து அக்காவின் பெயரை எழுதினார், திகதியை எழுதினார். நேரத்துக்கான அடுத்த கட்டத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நான் எழுதலாமா?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை என்னிடம் தந்தார். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட வேண்டும் என்றே என் மனம் விரும்பியது. எவரேனும் கயிறும் விளக்கும் கொண்டு அவரைத் தேடிச் செல்லட்டும் என்று எண்ணினேன். எனினும் எழுதினேன். முற்பகல் பதினொரு மணி நாற்பது நிமிடம்.