பென்சில் பிடித்த கை

மேற்கு ரத வீதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ஸ்தனிஸ்லாஸுக்கு வந்தது லேசுப்பட்ட பொறாமை இல்லை. சோறு இறங்காத பொறாமை. அதுவும் யார்மேல்? தோல் மண்டிக்காரர் மகன் முகமது பாரூக்மேல். பொழுதுபோகாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு தாடிக்கொம்புக்கும் நத்தத்துக்கும் சைக்கிள் மிதிக்கிற பயல். பிலிம் கழுவ மட்டும் இவரிடம் வருவான். இருட்டறையில் அவன் படங்கள் தெளிந்து வரும்போதெல்லாம் இவருக்கு வயிறு எரியும். இத்தனை வருஷம் தொழில் செய்தும் தனக்கு இப்படி ஒன்றுகூட வாய்க்கவில்லையே!

எப்படி வாய்க்கும்? ஊர்க்காரர்களுக்கு முகம் சிவப்பாக இருக்க வேண்டும், சுருக்கம் தெரியக் கூடாது. நெகட்டிவில் சுருக்கம் விழுந்த இடத்தைக் கூராகச் சீவிய பென்சிலால் நிரப்பினால் படத்தில் அது மறைந்துவிடும். மாமியாரை மருமகளுக்குத் தங்கையாக்கிவிடுவார் மனிதர். அதை ஒருத்தரும் ஒரு வேலையாக மதித்ததில்லை. தங்கள் முகலட்சணத்தையே மெச்சிக்கொண்டு போவார்கள்.

அறுபத்தொன்றாம் வருஷம் பாரூக் ஓடிவந்தான்.

"அண்ணே, மெட்ராஸ்ல போட்டோ படிப்புக்கு இண்டர்வியூ. படம் கொண்டாரச் சொல்லியிருக்காங்க. இந்தப் பூக்கார அய்யம்மா படத்தைத்தான் நம்பியிருக்கேன். மொகத்துல ஒரு சுருக்கத்தையும் தொட்டுறாதீங்க."

படிப்பாம்! தன் அப்பா, பத்தாவதோடு நிறுத்திப் பிழைப்பைப் பார் என்றது ஸ்தனிஸ்லாஸுக்கு நினைவு வந்தது. இவன் மட்டும் படித்துக் கிழிக்க வேண்டுமா? கதவைச் சாத்திக்கொண்டு பென்சிலை எடுத்தார். அய்யம்மாள் முகத்தைக் கெடுக்கத்தான் உட்கார்ந்தார். ஆனால் கைக்கு மோசமாகச் செய்யத் தெரியவில்லை. வெயிலில் வெடித்த அந்த முகம் குமரியின் முகமாகிவிட்டது, பென்சில் பட்ட தடமே தெரியாமல். படங்களை உறையில் போட்டு ஒட்டி, ரயிலுக்குக் கிளம்பும்போது நெகட்டிவோடு கொடுத்தார். பாரூக் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தவன் முகமெல்லாம் சிரிப்பு.

"சீட்டு கெடச்சிருச்சுண்ணே! அய்யம்மா படத்தைப் பாத்ததும் எனக்குப் பகீர்னுச்சு. பழக்கதோஷத்துல செஞ்சுட்டீகளாக்கும். ஆனா பெரிய வாத்தியாரு நெகட்டிவை வாங்கி லென்ஸு வச்சுப் பாத்தாரு. மத்த படமெல்லாம் சுமார்தானாம். இம்புட்டு நேர்த்தியான பென்சில் வேலையை அவரு பாத்ததே இல்லையாம். யாரு செஞ்சதுன்னு கேட்டாரு."

ஸ்தனிஸ்லாஸ் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார். "நீ என்ன சொன்னே?"

"நான்தான்னுட்டேன். கோவிச்சுக்காதீங்கண்ணே, சீட்டு போயிருமே!"

வாழ்நாளில் ஒரே ஒருவர் அவர் கையைப் புகழ்ந்திருக்கிறார். அந்தப் புகழும் இந்தப் பயலுக்கே போய்விட்டது. வாயைத் திறந்து பங்கு கேட்கவும் வழியில்லை. தொடாதே என்றதை ஏன் தொட்டாய் என்று துருவிக் கேட்டால் என்ன சொல்வார்?

பாரூக் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அங்க போயி மாட்டிக்கிட்டா அசிங்கம்ணே. கெளம்புறதுக்குள்ள அந்த வேலையை எனக்குக் கத்துக்குடுத்துருங்க."