ரீசெட்டை அழுத்தும் முன்

சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் சோதனை அறை காலியாக இருக்கும். அந்த நேரம் பார்த்து, அதே கம்பெனியில் பேக்கிங் பார்க்கும் அண்ணி வந்து, துணியில் சுற்றிய போர்டை என் மேஜையில் வைத்தாள். அண்ணனின் சக்கர நாற்காலியை ஓட்டும் சர்க்யூட் போர்டு. இந்த மாடலை இப்போது யாரும் செய்வதில்லை. எரிந்தால் நாற்காலியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

விபத்துக்குப் பிறகு முதல் முறையாக வரும் திங்கட்கிழமை அண்ணன் ஆபீஸ் போவதாக இருந்தது. அன்றைக்கும் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். சொல்லிவைத்தது போல இந்த வாரம் நாற்காலி படுத்துக்கொண்டது. அண்ணி புது ஃபியூஸ் போடுவாள், ஓடும். மறுநாள் காலையில் "மறுபடி போயிடுச்சு" என்று அண்ணன் அதைக் கழற்றி அவள் கையில் கொடுப்பான். போர்டில்தான் ஷார்ட் என்று நாங்களே முடிவு கட்டினோம்.

போர்டுகளுக்கு மின்சாரம் கொடுத்துச் சோதிக்கும் எங்கள் பவர் சப்ளை ஒரு சந்தேகப் பிராணி. எவ்வளவு தர வேண்டும் என்பதோடு, எதைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும் என்றும் முன்கூட்டியே அதற்குச் சொல்லி வைக்கலாம். போர்டை அதில் மாட்டி இருபத்து நாலு வோல்ட் கேட்டேன். இருபத்தெட்டைத் தாண்டினால் நின்றுவிடு என்றேன். கரண்டுக்கும் ஒரு வரம்பு வைத்தேன். உள்ளே ஷார்ட் இருந்தாலும் போர்டு கருகாது.

சுவிட்சைப் போட்டதும் டப்பென்று அணைந்து சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாத்தியா, ஷார்ட்டேதான்," என்ற அண்ணி பட்டென்று ரீசெட் பொத்தானை அழுத்தினாள். மறுபடி சிவப்பு. மறுபடி அழுத்தப் போனாள்.

கையைத் தட்டிவிட்டேன். "அண்ணி! அது என்ன காலிங் பெல்லா?"

"சும்மா சும்மா நிக்குது. அந்த லிமிட்ட கொஞ்சம் ஏத்திவிடேன். மேனேஜர் வந்துருவாரு."

"ஏத்தினா போர்டு புகைஞ்சிடும். எதனால நின்னுச்சுனு தெரியாம ரீசெட்ட தொடவே கூடாது!"

"கடுகு, பொரியாத. பாரு, பாரு." வீட்டில் என் பெயரே அதுதான்.

திரை காட்டிய காரணம் கரண்ட் அல்ல, வோல்டேஜ். ஷார்ட் என்றால் கரண்ட் அல்லவா எகிற வேண்டும்? வயர்களைத் தடவிக்கொண்டே போனேன். போர்டுக்கு எத்தனை வோல்ட் வந்து சேர்கிறது என்று சப்ளைக்குத் தெரிவிக்க இரண்டு மெல்லிய வயர்கள் உண்டு. ஒன்றின் கிளிப் கழன்று மேஜைமேல் கிடந்தது. ஒன்றும் போய்ச் சேரவில்லை என்று நினைத்து, சப்ளை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது. வரம்பு மட்டும் இல்லாவிட்டால் அண்ணனின் நாற்காலி இந்த மேஜையிலேயே கரியாகியிருக்கும்.

கிளிப்பை மாட்டி ரீசெட்டை அழுத்தினேன். பச்சை. போர்டோடு இணைத்திருந்த சோதனை மோட்டார் சுற்றியது. இடைவேளை முடியும்வரை ஓடவிட்டோம். ஷார்ட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"அப்ப ஃபியூஸ் ஏன் போகுது?" அண்ணி கைப்பையிலிருந்து பழைய ஃபியூஸ்களைக் கொட்டினாள். எல்லாம் பீங்கான். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. ஒன்றில் மீட்டரை வைத்தேன். பீப். அடுத்ததிலும் பீப். ஒன்றுகூட எரிந்திருக்கவில்லை.

"அவர்தானே தினமும் கழட்டிக் குடுக்கறாரு..." என்றாள் அண்ணி.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "நாடகம் ஆடியிருக்கான்! நீங்க வாரம் பூரா நாயா அலையறீங்க. சாயங்காலம் வரேன், இருக்கு அவனுக்கு."

அண்ணி போர்டைத் துணியில் பொறுமையாகச் சுற்றினாள். "எதனால நின்னுச்சுனு பாக்காம தொடக்கூடாதுனு இப்பதானே என்கிட்ட கத்தின?"

மாலையில் நாங்கள் உள்ளே நுழைந்ததுமே, "போர்டு போச்சா?" என்று கட்டிலில் இருந்தபடி அண்ணன் கேட்டான். போயிருக்க வேண்டுமே என்ற ஆசை அந்தக் குரலில் அப்படியே தெரிந்தது.

அண்ணி ஃபியூஸ்களை அவன் போர்வைமேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் திட்டல. எதுக்கு பயப்படறீங்கனு மட்டும் சொல்லுங்க."

அவன் ஒரு ஃபியூஸை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினான்.

"ஆபீஸ் வாசல்ல படி இருக்கு," என்றான். "நாலு பேரு நாற்காலியோட தூக்கணும். காலையில ஏத்தணும், சாயங்காலம் இறக்கணும். தூக்கப் போறது எல்லாம் நான் அதட்டி வேலை வாங்கின பசங்க."

அவனுக்காக விடுப்பு கேட்கவும், வேலையைப் பிடித்து வைக்கச் சொல்லிக் கெஞ்சவும் நானும் அண்ணியும் அந்தப் படிகளில் எத்தனையோ முறை ஏறி இறங்கியிருக்கிறோம். இதில் அண்ணன் எப்படி ஏறுவான் என்று ஒருமுறைகூட எங்களுக்குத் தோன்றவில்லை.