சரிவில் வைத்த நிறைகுடம்

1.

"நாலு பேர் கதிரையோடை தூக்கினால் ஒரு நிமிசம் செல்லாது, ரீச்சர். ஏன் உந்தப் பிடிவாதம்..."

"என்னை நாலு பேர் தூக்கிற நாள் ஒண்டு வரும், அண்ணை. அண்டைக்கு நான் வாய் திறக்க மாட்டன். இண்டைக்குத் திறப்பன்."

"உள்ளுக்குச் சபை நிறைஞ்சு போய்க் கிடக்கு, மிருதங்கக்காரரும் வந்து..."

"சபைக்கு வழி கிடக்கு. எனக்கெல்லோ இல்லை!"

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இந்த இரண்டு குரல்களிலிருந்துதான். எனக்குக் கதைகள் முகங்களாக வருவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கதைக்கும் வாய்களாக வரும். யார் எங்கே நின்றார், என்ன உடுத்தியிருந்தார் என்பதையெல்லாம் பிறகுதான் தேடிப் பிடித்து ஒட்டுவேன். இந்தக் கதைக்கு அப்படித் தேட வேண்டியதில்லை. நான் அங்கேதான் நின்றேன். தொல்லையே அதுதான்.

2.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். ரீச்சர் என்பவர் இராசமலர். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவர். எண்பத்தேழில் வீட்டு முற்றத்தில் விழுந்த ஷெல்லுக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அவருக்கு அசைவில்லை. சக்கரம் வைத்த கதிரையில்தான், நாற்காலியில்தான், நடமாட்டம். அண்ணை என்பவர் நமசிவாயம். எங்கள் ஊர் வாசிகசாலைத் தலைவர். இடம், அளவெட்டிப் பக்கத்தில் அந்த வாசிகசாலையின் மண்டபம். வாசலுக்கு மூன்று படி. நாள், தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு வாணி விழா.

ஐந்து வருடமாக இராசமலர் எந்தச் சபையிலும் பாடவில்லை. பாடச் சொல்லிக் கேட்கப் போனபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"மேடை வேண்டாம். கீழை, சனத்துக்கு முன்னாலை இருந்து பாடுறன். ஆனால் வாசலாலை நானே உருட்டிக்கொண்டு வருவன். ஒருத்தரும் என்னிலை கை வைக்கப்படாது."

"அவ்வளவுதானோ?" என்றார் நமசிவாயம்.

"ஓம், அவ்வளவுதான்."

[இங்கே 'நமசிவாயம் இரக்கமில்லாத மனிதர்' என்று ஒரு வசனம் இருந்தது. வெட்டிவிட்டேன். அது பொய். சீமெந்து ஊருக்குள் வரத் தடை இருந்த காலம் அது. மனிதர் இடிந்த வீடுகளில் கல் பொறுக்கினார், களிமண் மிதித்தார், மேலே பரப்புவதற்குத் தன் மாட்டுக்கொட்டில் கூரையின் பனஞ்சிலாகைகளையே கழற்றிக் கொண்டுவந்தார். ஒரு மாதத்தில் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சரிவு எழும்பிற்று. மாடு மழையில் நின்றது.]

3.

விழா நாள் காலை.

"நிறைகுடம் எங்கை வைக்கிறது?"

"புதுச் சரிவிலை, மேல் அந்தத்திலை வைப்பம். முதல் நாளெல்லோ, மங்களமாய் இருக்கட்டும். சனமும் அதாலை நடக்காது, கால் தட்டுப்படாது."

இரண்டாவது குரல் யாருடையது? முதலில் எழுதியபோது சிவக்கொழுந்து என்று ஒரு பாத்திரத்தை உண்டாக்கினேன். தலை நிறையப் பூ, வாய் நிறைய வெற்றிலை, புத்தி கொஞ்சம் மட்டு. பழியை அவளிடம் கொடுத்தேன். இரண்டு பக்கம்வரை சுமந்தாள். மூன்றாம் பக்கத்தில் அவள் என் குரலில் கதைக்கத் தொடங்கிவிட்டாள்.

சிவக்கொழுந்து என்று ஒருவரும் இல்லை. சுமங்கலி என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். வாழையிலை விரித்து நெல் பரப்பி, குடம் வைத்து, மாவிலையும் தேங்காயும் வைத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றியவள் நான்தான். வடிவாகத்தான் இருந்தது.*

* கோலத்துக்கு மட்டும் சாண் வைத்து அளந்தேன். சக்கர நாற்காலிக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்று நினைக்கவேயில்லை. 'சனம் அதாலை நடக்காது' என்று சொன்ன வாய் இது.

4.

மூன்று மணிக்கு இராசமலர் வந்தார். கை இரண்டும் கதிரைச் சில்லில், தானே உருட்டியபடி. சரிவில் முக்கால்வாசி ஏறிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். நின்றார். கையை எடுத்தால் கதிரை பின்னால் உருண்டுவிடும். அதனால் சில்லை இறுக்கிப் பிடித்தபடியே கதைத்தார்.

"அண்ணை, என்ன இது?"

"அது... ஒரு மங்களத்துக்கு, ரீச்சர்."

"மங்களம் கடைசியிலை பாடுவன். இப்ப வழியை விடுங்கோ."

"ஏத்தின விளக்கு. விழா முடியமுன்னம் நிறைகுடத்தை வைச்ச இடத்தாலை அரக்கினால், இந்தக் காலத்திலை, பேந்து ஆரின்ரை வீட்டிலை என்ன நடந்தாலும் உதாலைதான் எண்டு சொல்லுவினம்."

"அப்ப குடத்தைத் தூக்கப்படாது, என்னைத் தூக்கலாம். அப்பிடித்தானே?"

இதற்கு நமசிவாயம் சொன்ன பதிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவர் சால்வையால் முகத்தைத் துடைக்கிறார். அதற்குப் பிறகுதான் நீங்கள் முதலில் கேட்ட சண்டை தொடங்கிற்று.

5.

அந்தக் கிழமை என் கணவர் நெஞ்சு நோவோடு படுத்திருந்தார். காலையில் நெல் பரப்பும்போது அவரை நினைத்துத்தான் பரப்பினேன். குடத்தை அரக்குவதால் ஒரு மனிதருக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். பத்துப் புத்தகம் எழுதியவளுக்கு இதுகூடத் தெரியாதா? தெரிந்தும் கை ஏன் எழும்பவில்லை?

அவருக்காகப் பயந்தேனா, அல்லது வைத்தவள் நான்தான் என்று சபைக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேனா? எழுதினால் தெளியும் என்றுதான் தொடங்கினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் இன்னும் கொஞ்சம் குழம்புகிறது.

6.

முடிவுகள் வைத்திருக்கிறேன்.

ஒன்று: நான் குனிந்து குடத்தை எடுக்கிறேன். இராசமலர் ஏறி உள்ளே போகிறார், பாடுகிறார். எழுதி முடித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

இன்னொன்று: சபை முழுதும் எழும்பி வெளியே வருகிறது. முற்றத்தில் கச்சேரி. இதை எழுதும்போது இராசமலரின் குரல் குறுக்கே விழுந்தது: "முத்தத்திலை பாடுறதெண்டால் என்ரை வீட்டு முத்தத்திலை பாடியிருப்பனே, அக்கா. பிறகு அந்த மாடு என்னத்துக்கு நனைஞ்சது?"

மற்றது: நாலு பேர் வந்து கதிரையைப் பிடிக்கிறார்கள், அவர் கண்ணை மூடிக்கொண்டு

இல்லை. இந்த வசனத்தை முடிக்க மாட்டேன்.

உண்மையில் எது நடந்தது என்று கேட்பீர்கள். சொன்னால், அன்றைய சபையைப் போல நீங்களும் உள்ளே போய் வசதியாக இருந்துவிடுவீர்கள். கொஞ்ச நேரம் வெளியே, என்னோடு நில்லுங்கள்.

7.

நமசிவாயம் கடைசியில் குரல் தாழ்த்தினார். "வைச்ச ஆள் வந்து எடுத்தால் குற்றமில்லை எண்டு சொல்லுறவை."

"ஆர் வைச்சது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடே என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. நான் வாசலில் சந்தனத் தட்டோடு நின்றேன். இராசமலரின் மணிக்கட்டு நரம்புகள் புடைத்திருந்தன. கதிரை ஒரு விரலளவு பின்னால் போய் நின்றது.

"மீனாம்பிகை அக்கா, கை உழையுது. வரட்டோ, கையை விடட்டோ?"